யாரும் எடுக்காத கால்

செங்கத்திலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ரேணுகாதேவி, ஜமுனாமரத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். கணவன் சேட்டு ஷேர் ஜீப் ஓட்டுகிறான். டிப்ளமோ படித்தவள், கை சும்மா இருக்காது. சேட்டுவின் போன் மழையில் நனைந்து ஸ்பீக்கரும் மைக்கும் போய்விட்டபோது, சீட்டுக்கட்டு அளவிலான கம்ப்யூட்டர் ஒன்றை ஜீப்பின் டாஷ்போர்டுக்குள் பதித்து, போனை அதோடு ப்ளூடூத்தில் இணைத்தாள். வேறு போன் வாங்கித் தொலையாமல் இதென்ன கூத்து என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் பாட்டு ஜீப் ஸ்பீக்கரில் ஜம்மென்று கேட்டது. யார் கூப்பிட்டாலும் பேரும் ஊரும் குட்டித் திரையில் வந்தன.

எங்களுக்கு அது போதும். எங்கள் மலையில் ஜீப்புக்குப் போன் போட்டு யாரும் பேசுவதில்லை. பேச்சு பாதியில் அறுந்துபோகும், ரிங் மட்டும்தான் ஒழுங்காகப் போகும். ஒரு முறை ரிங் விட்டுக் கட் செய்தால் 'வா'. இரண்டு முறை என்றால் 'நில்லு, வர்றோம்'. சேட்டு தப்பித் தவறி எடுத்துவிட்டால், காசு போச்சே என்று போன் போட்டவனுக்குக் கோபம் வரும். அதனால் அந்தப் பெட்டியில் ஒரு கால்கூட எடுத்துப் பேசிப் பார்த்ததில்லை. ரேணுகா அதற்கு மைக்கே வைக்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மழை மத்தியானம், பக்கத்து வீட்டு ரம்யாவுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் கீழிருந்து கிளம்பிவிட்டது, நாமும் எதிரே இறங்குவோம் என்று சேட்டு ஜீப்பை எடுத்தான். ரம்யாவின் மாமியார் மங்கம்மாள், ரேணுகா, கூடமாட இருக்கட்டும் என்று நான். மலைப்பாதையில் ஒரு வளைவில் பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அங்கேயே குழந்தை பிறந்தது, அழவும் செய்தது. ஆனால் ரம்யாவுக்கு ரத்தம் நிற்கவில்லை.

"ஐயோ, துணியெல்லாம் நனையுதே!" மங்கம்மாள் கத்தினாள்.

அப்போது போன் அடித்தது. ஆம்புலன்ஸில் வரும் நர்ஸ் தமிழ்மணி. ரேணுகா எடுத்தாள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. அதோடு சரி. திரையில் நொடிகள் ஓடின, ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"அடக்கடவுளே, பேச்சு இதுல வராது," என்றாள் ரேணுகா. அந்த வளைவில் எங்கள் மற்ற போன்களில் சிக்னலே இல்லை. ப்ளூடூத் சில்லு பாட்டைப் பெட்டிக்குள் அனுப்பும். பேச்சை மட்டும் வேறு வழியாக, எந்தக் கம்பியும் சேராத ஊசிமுனைகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிவிட ஒரு கட்டளை உண்டாம். சீட்டுக்கு அடியிலிருந்து சின்ன கீபோர்டை எடுத்துத் தட்டினாள். தப்பு என்றது. மறுபடி தட்டினாள். அதுவும் தப்பு. நான் கதவோரம் குடை பிடித்து நின்றேன். அதற்குத்தான் நான் லாயக்கு. குடை சாய்ந்து மழையெல்லாம் அவள் மேலேயே கொட்டியது.

மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. "அடுத்த காலுக்குத்தான் மாறும். இத்த கட் பண்ணணும்," என்றாள்.

"பண்ணாத ரேணு! திரும்ப லைன் கெடைக்குதோ இல்லியோ!" சேட்டு அலறினான்.

அவள் கட் செய்து, திரும்ப அதே எண்ணுக்கு அடித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தாள். டக்கென்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. "ஹலோ! யாருங்க? ஒன்னுமே கேக்கலீங்களே!"

எங்களுக்குக் கேட்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை. எல்லாரும் சேர்ந்து கத்தினோம். காடு கேட்டிருக்கும், தமிழ்மணிக்குக் கேட்கவில்லை.

"பேச வேணாம் ரேணு, ரிங் குடு!" என்றான் சேட்டு. வேறெதுவும் அவனுக்குத் தெரியாது.

ரேணுகா அவனை ஒரு கணம் பார்த்தாள். போனில் எண் பலகையைத் திறந்து ஒரு எண்ணை அமுக்கினாள்.

"இன்னா அது, பீப்புனு? நீங்க அமுக்குறீங்களா?" மறுபடி ஒரு பீப். "சரி. ஆமான்னா ஒரு தபா, இல்லன்னா ரெண்டு தபா அமுக்குங்க. கொழந்த பொறந்துட்டுதா?"

ஒன்று.

"நஞ்சுக்கொடி விழுந்துடுச்சா?"

ஒன்று.

"ரத்தம் நிக்குதா?"

இரண்டு.

"தொப்புளுக்குக் கீழ கைய வச்சி அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்க. கர்ப்பப்பை கெட்டியாவுற வரைக்கும் விடாதீங்க. கொழந்தைய மாருல போடுங்க. இங்க கீழயும் ஒரு மரம் விழுந்து கெடக்குது, எறங்கி நடந்து வர்றோம்."

மங்கம்மாள் அழுதுகொண்டே தேய்த்தாள். கெட்டியாச்சா என்ற கேள்விக்கு இரண்டு. தமிழ்மணி மறுபடி கேட்டாள். மறுபடி இரண்டு. அடுத்த முறை மங்கம்மாள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ரேணுகா ஒன்று அமுக்கினாள்.

"அவுங்களுக்கு நெனவு இருக்குதா?"

ரம்யாவின் கண்கள் மூடியிருந்தன. ரேணுகாவின் விரல் எண்ணுக்கு மேலேயே நின்றது. "ரம்யா! ஏ ரம்யா!" என்று பின்சீட்டுக்குச் சாய்ந்து உலுக்கினாள்.

"குடுக்கா," என்று கை நீண்டது. ரம்யாவே ஒரு தடவை அமுக்கினாள்.

இப்போது அந்த ஜீப்பில் மைக் இருக்கிறது. ஆனாலும் எல்லாரும் ரிங் விட்டுக் கட் செய்வதுதான் வழக்கம். எடுக்கிற வரை காத்திருந்து, "அண்ணா, நான் பேசறது கேக்குதா?" என்று கேட்பவள் ரம்யா ஒருத்திதான்.