கேட்க மறந்த கேள்வி

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலச் சோளக்காட்டில் பிறந்த ஆர்லன் வோஸ்பர்க், அரசு வக்கீலாகப் பெயரெடுத்து மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட் நீதிபதியானபோது ஊரே பூரித்தது. ஜனாதிபதி கொடுத்த பதவி, ஆயுள் உள்ளவரை யாரும் அசைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது: போதைமருந்து வழக்குகளில் தண்டனையைச் சட்டமே முடிவுசெய்து வைத்திருந்தது. பத்து வருஷம் என்றால் பத்து வருஷம். அதை வாய்விட்டுச் சொல்வதுதான் அவர் வேலை.

சொல்வதற்கு முன் குற்றவாளியிடம் ஒன்று கேட்க வேண்டும், அதுவும் சட்டம். "நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" அழுவார்கள், பிள்ளைகளின் பெயரைச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு அதே பத்து வருஷத்தைச் சொல்வார்.

ரோனெட் பிக்கெட்டிடம் மட்டும் கேட்க மறந்துவிட்டார். மனைவி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நாள் அது. காதலனின் போதைச் சரக்கைத் தன் காரில் கொண்டுபோன அந்த ஓட்டல் சமையற்காரிக்குப் பத்து வருஷம் என்று சொல்லிவிட்டு ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவியின் முகத்தை மூடியிருந்தார்கள்.

கேட்காமல் சொன்ன தண்டனை செல்லாது என்றது மேல்கோர்ட். அவளிடம் கேட்டுவிட்டு, மறுபடி தண்டனை சொல்லச் சொன்னது.

"ஒரே ஒரு கேள்வி ஜட்ஜ்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள், கிளார்க் வெர்னா.

வேறு மாநிலச் சிறையிலிருந்து சங்கிலியோடு பஸ்ஸில் ரோனெட்டைக் கொண்டுவந்தார்கள். அவள் வாயால் ஒரு ஆறுதல் வார்த்தை வந்தால் போதும் என்றிருந்தது வோஸ்பர்க்குக்கு. மறந்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பேசினா ஏதாவது குறையுமா ஐயா?"

"குறையாதும்மா. என் கையைக் கட்டிப் போட்டிருக்காங்க."

"உங்க கையையா?" தன் கைகளைத் தூக்கினாள். சங்கிலி கலகலத்தது. "அப்ப எதுக்கு என்னை இழுத்துட்டு வந்தீங்க? எம்மக ஜாசி இந்த ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க அங்க வருது. எங்கம்மா வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூட்டிட்டு வர முடியும். நான் இங்க நிக்கிறேன்!"

வோஸ்பர்க் வெர்னாவைப் பார்த்தார். அவள் போன் பேசிவிட்டு வந்து காதோரம் சொன்னாள்: "கைதி பஸ் அடுத்த வாரம்தானாம் ஜட்ஜ். நடுவுல கிடையாதாம்."

ஆயுள் முழுக்க நீதிபதி. ஒரு பஸ்ஸைக்கூட அவரால் முன்கூட்டி ஓடவைக்க முடியவில்லை. மறுபடியும் அதே பத்து வருஷத்தைச் சொன்னார். தாயில்லாத அறையைப் பார்த்துவிட்டு ஜாசி திரும்பிப் போனாள்.

கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். கோர்ட் சுவரில் அவர் படத்தைத் திறந்துவைத்து, கோழியும் கேக்கும் விருந்து வைத்தார்கள். எல்லாரும் கவனிக்கும்படி புது நீதிபதி கரண்டியால் கோப்பையைத் தட்டினார். "ஜட்ஜ் வோஸ்பர்க், நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

கிழவர் மேஜையைப் பிடித்து எழுந்தார்.

"பேசினா ஏதாவது குறையுமா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. "அடேங்கப்பா, இந்த வயசுலயும் என்ன குசும்பு!" என்று யாரோ கைதட்டினார்கள். வெர்னா மட்டும் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, கைக்குட்டையைத் தேடினாள்.