பேனர் காயும் வரை

எங்கள் பஜார் நிவாரணக் குழுவின் புகைப்படத்துக்குப் பின்னால் "லொறி புறப்படுகிறது, செவ்வாய்" என்று எழுதியிருக்கிறது. தவறு. படத்தில் இருப்பது திரும்பி வந்த லொறி. நாள் வியாழன். உள்ளே ஒரு மூட்டை அரிசிகூடக் கிடையாது. ஐந்து வருடமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் இன ஒற்றுமைக்குச் சான்று என்று இதையே மேடையில் மாட்டுகிறார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாள். கடல் ஊருக்குள் வந்த செய்தி பண்டாரவளைப் பக்கம் பரவிய மறுநாளே குழு அமைத்துவிட்டோம். இரும்புக்கடைச் சிங்கள முதலாளி தலைவர். துணிக்கடை முஸ்லிம் நானா பொருளாளர். யாழ்ப்பாணத்துத் தபாலதிபர் ஆலோசகர். தோட்டப் பள்ளி ஆசிரியனான நான் செயலாளர். லொறி எந்தப் பக்கம் போவது என்பது பத்து நிமிடத்தில் முடிந்தது. நானாவின் சொந்தக்காரர்கள் அதே கடல் புகுந்த கல்முனையில் இருந்தார்கள். ஆனாலும் அவரே, "அம்பாந்தோட்டதான் கிட்ட, மொதல்ல அங்க போகட்டும்" என்றார். மாலைக்குள் தோட்டத்து லய வீடுகளிலிருந்து அரிசியும் போர்வையும் குழந்தைச் சட்டைகளும் வந்து சேர்ந்தன. பேக்கரிக்காரர் பாண் ஏற்றினார். அதுவரையிலான கூட்டக்குறிப்பை இன்று படித்தாலும் பெருமையாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு பேனர் வந்தது.

எந்த மொழி மேலே, எந்தக் கடையின் பெயர் முதலில் என்று தொடங்கினார்கள். தமிழ் எழுத்து சிறியதாக இருக்கிறது என்று முதலில் முறையிட்டவன் நான்தான்; அதையும் எழுதிவிடுகிறேன். செவ்வாய் காலை அழித்து மறுபடி எழுதினோம். மார்கழிப் பனிமூட்டத்தில் பெயின்ட் எங்கே காயும்?

லொறியின் பக்கத்தில் ஆறரையிலிருந்து ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுடைய பத்தொன்பது வயது மகள் அம்பாந்தோட்டையில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். ஞாயிற்றிலிருந்து செய்தி இல்லை. அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை.

"சார், எப்பங்க எடுப்பாங்க?"

"பெயின்ட் காயட்டும்மா."

"துணி காயறதுக்கா இத்தன பேரு நிக்கிறீங்க?"

சாரதி சிங்களவர், தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். "பாண் கல்லாகுது முதலாளி" என்றார்.

"நீ சும்மா இரு மல்லி" என்று தம்பி முறை சொல்லி அதட்டினார் முதலாளி.

"பேனர் இல்லாமல் போனால் ஆர் அனுப்பினதெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் தபாலதிபர்.

"பசிச்சவன் பேனரப் படிச்சிட்டா திம்பான்?" சாரதி விடவில்லை.

நானா கரி இஸ்திரிப்பெட்டி கொண்டுவந்தார். கடையின் பின்பக்கம் நால்வரும் நான்கு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது முன்பக்கமிருந்து, "அக்கா, ஏறுங்க" என்ற சாரதியின் குரலும், உடனே இஞ்சின் சத்தமும் கேட்டன. மணி பத்து நாற்பது. மற்ற மூவரும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்காமல் என் மூலையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். இருபத்தைந்து வருட ஆசிரியத் தொழிலில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

வியாழன் பிற்பகல் லொறி திரும்பியது. முன் இருக்கையில், யாரோ கொடுத்த தொளதொள சட்டையில், கையில் கட்டோடு அந்த மகள்.

"நாலு பன்சல பாத்தோங்க சார். அஞ்சாவதுல இருந்தா. அங்க சிங்கள அம்மா ஒருத்தங்க மூணு நாளா சோறு ஊட்டியிருக்காங்க" என்றாள் தாய். வீடிழந்தவர்களை அங்கே பன்சலைகளில், பௌத்த விகாரைகளில்தான் தங்கவைத்திருந்தார்கள்.

நான் பதில் சொல்வதற்குள் முதலாளி ஓடிவந்தார். "யாரும் போக வேணாம், நில்லுங்க! பேனர் காஞ்சிருச்சு!"

வெறும் லொறியில் கட்டினார்கள். படம் பிடிக்க மகளை நடுவில் நிறுத்தி, கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

"புள்ளைக்குக் குளுருதுங்க. நாங்க போறோம்" என்று தாய் அவளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

படத்தின் வலது ஓரத்தில் மங்கலாகத் தெரியும் சேலைத் தலைப்பு அந்தத் தாயுடையது. இந்த வருடமும் மாட்டுவதாக இருந்தால் மாட்டட்டும். கிழமையையாவது திருத்தி எழுதட்டும்.