கேசட்டில் விழுந்த கம்புச் சத்தம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அந்தக் கோபத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. திருவாரூரில் புதிதாக முளைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் எனக்கு வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாக எங்கள் தெருவுக்கு நடக்கும்போது, மொபெட்டில் பின்னால் வந்த ஒருவன் என் கைப்பையைப் பிடித்து இழுத்தான். பை அவன் கைக்குப் போகவில்லை. நான்தான் குப்புற விழுந்தேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சேறும் ரத்தமுமாக வீட்டுக்குள் நுழைந்தவளை என் மாமி, அதாவது கணவரின் அம்மா, வாங்கு வாங்கென்று வாங்கினார். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? இன்னொரு தடவை இப்படி ஆச்சு, தம்பிகிட்ட சொல்லிடுவேன். அதோட வேலைக்கு முழுக்குத்தான்." தம்பி என்பது சவுதியில் இருந்த என் கணவர். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். அதை விடுவதாக இல்லை. விழுந்தால்தானே வம்பு, அடிக்கக் கற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

டவுனில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கராத்தே நடந்தது. வெள்ளை உடுப்பை அவர்களிடமே வாங்க வேண்டும். பெல்ட் நிறம் மாறும்போதெல்லாம் பரீட்சை, பரீட்சைக்கெல்லாம் தனிப் பணம். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டியிருப்பேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "அம்மாமாருங்கல்லாம் அந்த பெஞ்சுல உட்காருங்க" என்றார். "நான் சேர வந்திருக்கேன்" என்றேன். அவரிடம் இருந்ததிலேயே மூத்த மாணவன் எட்டாம் வகுப்பு. வந்த வழியே திரும்பினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜிம்மில் ஆண்களுக்கு மட்டும் என்று போர்டே வைத்திருந்தார்கள்.

பஸ்ஸில் பழக்கமான பெண் ஒருவர் இருந்தார். என் வயதுதான், பக்கத்து ஊர், நடவு வேலைக்குப் போகிறவர். என் கராத்தே கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்லடிக்கும் களத்தில் பெண்களுக்குத் தான் சிலம்பம் சொல்லித் தருவதாகச் சொன்னார். "காசெல்லாம் வேணாங்க. கம்பு மட்டும் உங்களுது. நடவு, அறுப்பு நாள்ல மட்டும் கிடையாது. உடம்பும் நல்லா இறங்கும்." கடைசி வாக்கியத்தை என் இடுப்பைப் பார்த்தபடி சொன்னார்.

போனால், ஆறு வாரம் கம்பைத் தொடவே விடவில்லை. காலை எடுத்து வைக்கிற பாடம் மட்டும், அதுவும் ஈர வரப்பில். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வரப்புல நடக்கவா நான் இவ்ளோ தூரம் வரேன்?"

"அன்னிக்கு ஏன் விழுந்தீங்க?"

"அவன் இழுத்தான்."

"இழுத்தா விழணுமாக்கும்? முதல்ல நிக்கக் கத்துக்கங்க. அடிக்கிறது அப்புறம்."

மறுபடியும் வரப்பில் இறங்கி நடந்தேன்.

கம்பு கைக்கு வந்த பிறகு, விடிகாலைத் தொழுகையான சுபுஹு முடிந்ததும் தினமும் கொல்லையில் எண்ணி எண்ணிச் சுற்றினேன். கணவருக்குச் சொல்லவில்லை. மாமி பார்த்தும் பாராதவராக இருந்தார்.

அந்நாளில் எங்கள் தெருவில் கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம். டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிந்து, சவுதிக்குத் திரும்புகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். ஒருநாள் விடிகாலையில் மாமி கொல்லைப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து மகனுக்குப் பேசினார். அதைத் திருப்பிப் போட்டுக் கேட்காமலே கொடுத்தனுப்பியும் விட்டோம்.

பதில் கேசட் வந்தது. இருவரும் உட்கார்ந்து கேட்டோம். ஸலாம், சுகம் விசாரிப்பு எல்லாம் முடிந்தது. பிறகு, "அம்மா, நீங்க பேசுறப்ப பின்னாடி விஷ்ஷு விஷ்ஷுன்னு ஒரு சத்தம். ரூம்ல இருக்கறவங்க எல்லாரும் திருப்பித் திருப்பிக் கேட்டோம். பாய் உதறுறதுங்கறான் ஒருத்தன். கம்புங்கறான் இன்னொருத்தன். நடுவுல இவ குரல் பதினேழு, பதினெட்டுன்னு எண்ணுது. அங்க என்னதான் நடக்குது?"

யா அல்லாஹ், என் வேலை போயிற்று என்று நினைத்தேன். மாமி என்னைப் பார்க்கவில்லை. "புது கேசட்டைப் போடும்மா" என்றார். போட்டு, பதிவுப் பொத்தானை அமுக்கினேன்.

"தம்பி, அது கம்புதான். வாய்க்கால் ரோட்டுல ஒரு கழிசடை இவ பையை இழுத்து, இவ விழுந்துட்டா. முட்டி பேந்து வந்தவளை நான் தூக்கிவிடல, திட்டினேன். அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது." டேப் ரிக்கார்டரை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "தெனமும் படுத்துக்கிட்டே நானும் கூட எண்ணுறேன். முதல்ல பதினெட்டோட மூச்சு வாங்கி நின்னுடுவா. இப்ப அம்பதைத் தாண்டுறா. இவ வேலைக்குப் போவா. இதை உன்கிட்ட கேக்கலப்பா. சொல்றேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "எந்தப் பொத்தானை அமுக்கினா இது நிக்கும்? அழுவாம சொல்லு" என்றார்.