கதவைத் திறந்தவள்

கோப்பாய் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மடியில், செத்தவர்கள் எழும்பி வரும் ஒரு தடித்த ஆங்கில நாவல். பஸ் நிற்கும்போதெல்லாம் வாசிப்பை விட்டு, ஏறுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அன்ரி, உது படமாயும் வந்திட்டுது. புத்தகம் சரியான இழுவை. படம்தான் திறம்."

"படமும் பாத்தனான் தம்பி. செத்த புருசன் வந்து கதவைத் தட்டேக்கை, படத்திலை அவள் சுடுறாள். புத்தகத்திலை கதவைத் திறக்கிறாள். உதை ஏன் மாத்தினவை?"

"திறந்தால் கடிச்சுப்போடுமே அன்ரி! ஆர் திறப்பினம்?"

அவர் சிரிக்கவில்லை. "என்ரை அவர் காணாமல் போனவர். செத்திட்டார், அந்தியேட்டிச் சடங்கைச் செய்து முடி எண்டு சனம் சொல்லுது. செய்துபோட்டு, அவர் வந்து தட்டினால் நான் என்ன சொல்லுறது?"

பஸ் நின்றது. அவர் தலையை நிமிர்த்தினார்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் திரும்பவும் போட்டேன். முன்பு நான் கைதட்டிய இடம்தான். அவள் துவக்கை நீட்டியதும் நிறுத்திவிட்டேன். வெளியே தட்டிக்கொண்டு நின்றவனின் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.