மானின் மூக்கும் வெர்னாவின் மூக்கும்

வெர்னா லாத்தினென் ஊசியிலைக் கிளைகளை ஒடித்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு அடுக்கு கிளை, அதன் மேல் கம்பளிச் சட்டை, மறுபடி ஒரு அடுக்கு கிளை, அதன் மேல் கால்சட்டை. கைகளில் ரப்பர் உறை. பிசின் ஒட்டுமே என்பதற்காக அல்ல. வெறுங்கை பட்டால் துணியில் அவள் வாசனை ஏறிவிடும், மான் அதைக் கண்டுபிடித்துவிடும் என்பது அவள் கணவன் ரெய்னோவின் கட்டளை. கையுறை அவளுக்குப் புதிதில்லை. ஓய்வு பெறும்வரை ஊர் முதியோர் இல்லத்தில் பிறர் உடம்பைத் துடைத்துப் பிழைத்தவள்.

நவம்பர் பதினைந்து மான் வேட்டை திறக்கும் நாள். மிச்சிகனின் வடகோடியில், அந்த ஏரிக்கரை ஊர்களில், பள்ளிக்கூடமே அன்று மூடிக்கிடக்கும். ரெய்னோவுக்கு அதற்கு இரண்டு வாரம் முன்பே விரதம் தொடங்கிவிடும். முதலில் துணி துவைக்கும் இயந்திரத்தை வெறுமனே சோடா உப்புப் போட்டு ஓட்ட வேண்டும், பழைய சோப்பின் மணம் போக. பிறகு மணமில்லாத சோப்பில் துவைத்து, புகைபோக்கிக் காற்று வராத பக்கமாகக் கொடியில் காயப்போட வேண்டும். வீட்டில் பன்றி இறைச்சி வறுக்கக் கூடாது. வெங்காயம் நறுக்கக் கூடாது. ஒரு வருடம் பெட்ரோல் வாடை பூட்ஸில் ஏறாமலிருக்க, வெறும் காலுறையோடு பனியில் நின்று வண்டிக்குப் பெட்ரோல் போட்டவன் அவன். ஊர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

"மான் உன்ன மோந்து பாக்கறதே இல்லடா," என்பான் அவன் தம்பி சூலோ. "நீ ஏணி ஏறும்போது உன் முட்டி போடற சத்தத்துலயே அடுத்த மாவட்டத்துக்குப் போயிடுது."

இதெல்லாம் கொம்பன் ஒருவனுக்காக. ரெய்னோவின் காட்டில் மூன்று பருவமாக ஒரு பெரிய ஆண் மான் நடமாடியது. போன வருடம் அது அவன் பரணுக்கு அருகில் வரை வந்து, தலையைத் தூக்கி, மூக்கால் ஒரு சீறு சீறிவிட்டு மறைந்தது. அந்தச் சீறலை அவன் செருப்படிபோல நினைவில் வைத்திருந்தான்.

பெட்டியை மூடும்போது வெர்னாவுக்கு ஒன்று குறைவது தெரிந்தது. உள்ளே கரித்துணி தைத்த பழைய சட்டை ஒன்று உண்டு. வேர்வை வாடையைக் கரி இழுத்துக்கொள்ளும் என்று வேட்டைக்காரர்கள் போடுவது. புதியது வாங்கிய பிறகும் பழையதை அவன் எறியவில்லை.

"பழைய கரிச்சட்ட எங்க?" என்று கேட்டாள்.

"சூலோவுக்குக் குடுத்துட்டேன்," என்றான் ரெய்னோ, கொட்டகையிலிருந்தபடியே.

சூலோவுக்கு அவன் ஒரு பழைய காலுறையைக்கூடக் கொடுத்தவனில்லை. வயதானால் மனம் இளகும் என்று நினைத்துக்கொண்டு அவள் பெட்டியின் பூட்டை அழுத்தினாள்.

ரெய்னோவுக்குச் சர்க்கரை நோய். கால்கள் மரத்துப்போய் வருடங்களாயின. ஆணி குத்தினாலும் தெரியாது. அதனால் வெர்னா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். சனிக்கிழமை தோறும் வெந்நீராவிக் குடிலில், சவுனாவில், இருவரும் குளிப்பார்கள். கீழ்ப்பலகையில் உட்கார்ந்து அவன் பாதங்களை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, குதிகால், பக்கவாட்டு, விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பார்க்காமல் விட்டால் கால் போகும். முதியோர் இல்லத்தில் அப்படிப் போன கால்களை அவள் தன் கையால் கட்டியிருக்கிறாள். கட்டுகளைவிட அவள் மூக்குக்குத்தான் அங்கே பெயர். கழுகுக்கு மூக்கில் வியர்ப்பதுபோல் அவளுக்கு வியர்க்கும். போர்வையை விலக்குமுன்பே, அறை வாசலில் நின்றே, "இவருக்கு முதுகுல புண் வெச்சிருக்கு, திருப்பிப் பாருங்க" என்பாள். திருப்பினால் இருக்கும்.

இந்த வருடம் அக்டோபர் கடைசியில் ரெய்னோ அந்த வழக்கத்தை நிறுத்தினான்.

"நான் தனியா குளிச்சிக்கறேன். சவுனா முன்னறையிலேயே படுத்துக்கறேன். உன் ஷாம்பு வாசம் எனக்கு ஒட்டுது."

"அந்த வாசத்தோடதான இத்தன வருஷம் படுத்த?"

"அதான் ஒரு நல்ல கொம்புகூட வீட்டுச் சுவத்துக்கு வரல."

"கால யாரு பாக்கறது?"

"எனக்குக் கண்ணு இருக்கு, வெர்னா. நானே பாத்துக்கறேன்."

அவள் விட்டுக்கொடுத்தாள். திறப்பு நாள் முடியட்டும், பதினாறாம் தேதி காலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அந்த நாட்களில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் குடம் குடமாக இறங்கியது. முகம் சாம்பல் பூத்தது. புது ரப்பர் பூட்ஸை, ரப்பரில் வாடை தங்காது என்று செப்டம்பரில் வாங்கியதை, எப்போதும் காலில் மாட்டியே இருந்தான். நடை லேசாக இழுத்தது. வேறொருவன் வீட்டுக்காரனாக இருந்திருந்தால் வெர்னா அவனைக் கட்டிலில் தள்ளி வாயில் வெப்பமானியைச் செருகியிருப்பாள். ஆனால் வேட்டைக்கு முன் ரெய்னோ ஒவ்வொரு வருடமும் பரீட்சைப் பையனைப்போல் மெலிவான். முட்டி வலியும் பழையது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

அப்படியும் ஒரு நெருடல் போகவில்லை. வேட்டைக்கு முந்தின நாள் மாலை, அவன் சாப்பாடு வாங்க வந்து பின்வாசலில் நின்றான். வீட்டு வாடை ஏறும் என்று உள்ளே வருவதில்லை. வெங்காயம் போடாமல் இறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவில் பொதிந்து சுட்ட பாஸ்டியை அவள் நீட்டினாள். நீட்டியவள் அப்படியே குனிந்து, அவன் கழுத்திலிருந்து கீழே முழங்கால் வரை மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"என்ன பண்ற?"

"மான் மாதிரி பாக்கறேன்."

ரெய்னோ அசையாமல் நின்றான். "என்ன தெரியுது?"

ஊசியிலை. ஈர மண். ரப்பர். அதற்கடியில் எதுவுமில்லை. மறுபடி இழுத்தாள். எதுவுமில்லை.

"ஒண்ணும் இல்ல," என்றாள்.

"நிசமாவா?"

"நிசமாத்தான். ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

அவன் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. பாஸ்டியை வாங்கிக்கொண்டு சவுனாவுக்கு நடந்தான். அவளும் நிம்மதியாகப் பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் மதியத்துக்கு முன்பே சூலோவின் வண்டி முற்றத்தில் வந்து நின்றது. ஆரஞ்சுச் சட்டையோடு சூலோ இறங்கி, கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான்.

"வெர்னா, வா. அவன் பரணுக்குக் கீழ உக்காந்திருந்தான். ஏணியில எறங்கினது எப்படின்னு தெரியல. ஒடம்பு கொதிக்குது. என்னய எங்க அப்பா பேரச் சொல்லிக் கூப்பிடறான்."

பின்னிருக்கையில் ரெய்னோ சாய்ந்திருந்தான். பல் கிட்டித்து நடுங்கினான். வெர்னா நெற்றியைத் தொட்டாள், நாடியைப் பிடித்தாள். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். பூட்ஸ் விளிம்பிலிருந்து ஒரு சிவப்புக் கோடு தொடையை நோக்கி ஏறியிருந்தது. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"சூலோ, கொட்டகையில தகரம் வெட்டற கத்தரி இருக்கு. எடுத்துட்டு வா."

பூட்ஸை மேலிருந்து கீழே வெட்டிப் பிளந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, கணுக்காலில் ஒட்டுநாடா சுற்றி இறுக்கியிருந்தது. பைக்குள் கறுப்புத் துணி, சுற்றுமேல் சுற்று. பழைய கரிச்சட்டையின் கை. "இத உனக்குக் குடுத்துட்டதா சொன்னான்," என்றாள்.

"எனக்குக் குடுத்தேன்னு சொன்னானா?" என்றான் சூலோ. "எனக்கு அவன் ஒரு..."

துணி விலகியதும் அவன் பேச்சு நின்றது. வண்டிக்கு அப்பால் போய் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

குதிகாலில் பூட்ஸ் கடித்த கொப்புளமாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும். இப்போது பாதி பாதம் கறுத்திருந்தது. அந்த நாற்றத்தை வெர்னா எந்தத் தாழ்வாரத்தின் கோடியிலிருந்தும் கண்டுபிடித்திருப்பாள். அவளுடைய அத்தனை வருட மூக்கை, மானுக்காகத் தைத்த துணி கட்டிப்போட்டிருந்தது. சுத்தமான துண்டைப் பாதத்தின் மேல் போட்டு, அவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "ஓட்டு" என்றாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் பாதி வழி போய்விடலாம் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வழியில் ரெய்னோ தெளிந்தான்.

"வெர்னா. அவன் வந்தான்."

"யாரு?"

"கொம்பன். விடிஞ்சதும். காத்து என் பக்கத்துலேருந்து நேரா அவன் மூக்குக்கே போச்சு. நின்னான். மேஞ்சான். என் பரணுக்குக் கீழயே மேஞ்சான். அவனுக்கு ஒண்ணும் தெரியல, வெர்னா."

"எனக்கும்தான் தெரியல," என்றாள்.

முன்னாலிருந்து சூலோ கேட்டான். "சுட்டியா?"

"துப்பாக்கி ரெண்டா தெரிஞ்சிது. எத எடுக்கறதுன்னு பாத்துட்டே இருந்தேன்." சிறிது நேரம் மூச்சு வாங்கினான். "அவன் அவசரமே படாம போனான்."

"எப்ப பாத்த காலை?" என்று கேட்டாள் வெர்னா.

"நீ பாத்த கடைசி சனிக்கிழமைக்கு அப்புறம். கறுப்பா இருந்துது. நாத்தம் வந்துது. சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவ. கட்டில்ல போட்டு, அந்த மஞ்ச மருந்தத் தடவிடுவாங்க. அந்த வாடை ஒரு மைலுக்கு அடிக்கும்."

"அடிக்கட்டுமே."

"பதினஞ்சாம் தேதி போயிடும்."

"கால் போயிடும்டா, மடையா."

"வலிக்கவே இல்ல," என்றான், அது ஒரு நல்ல சேதி என்பதுபோல. பிறகு மறுபடி அவன் அப்பாவோடு பேசப் போய்விட்டான். வெர்னா துண்டுக்கு மேல் கையை வைத்தபடி, சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரு பக்கமும் வேட்டைக்காரர்களின் வண்டிகள் நின்றன. ஒன்றிரண்டின் மேல் மான் கட்டியிருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் இளவயதுக்காரர். சுற்றி வளைக்காமல் பேசினார். அது வெர்னாவுக்குப் பிடித்திருந்தது. முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டும், எடுத்தாலும் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, உத்தரவாதம் இல்லை என்றார்.

"எடுங்க," என்றாள்.

அன்று மாலைக்குள் காலை எடுத்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் ஏறவில்லை. சிறுநீர் இறங்கவில்லை. குழாயில் தொங்கிய பையை வெர்னா பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி கண் திறக்கவில்லை. சூலோ நாற்காலியில் தூங்கிப்போனான். வெளியே வெளுக்கத் தொடங்கியபோது ரெய்னோவின் மூச்சு நின்றது. வெர்னா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மணியை அழுத்தினாள்.

காலையில் நர்ஸ் பெண் ஒரு தட்டில் வெந்நீரும் துணிகளும் கொண்டுவந்தாள்.

"நாங்களே குளிப்பாட்டிடுவோம். நீங்க வெளிய உக்காருங்கம்மா."

"நீ தண்ணிய மட்டும் மாத்திக் குடு," என்று சொல்லி வெர்னா சட்டைக் கையைச் சுருட்டினாள்.

சோப்பில் லாவெண்டர் மணம். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க ஏறியது. சூலோ கதவோரம் நின்றிருந்தான். கண் வீங்கியிருந்தது.

"அவனோட சோப்பு வண்டியில இருக்கு. வாசமில்லாதது. கொண்டாரவா?"

வெர்னா துணியை வெந்நீரில் நனைத்தாள்.

"வேண்டாம். இனிமே யார் மூக்குக்கு பயந்துக்கறது?"

முகத்திலிருந்து தொடங்கினாள். காது மடல், காதுக்குப் பின்புறம், கழுத்து மடிப்பு. கிளைப்பிசின் ஒட்டியிருந்த உள்ளங்கைகளை இரண்டு முறை தேய்த்தாள். தலைமுடியில் இரண்டு ஊசியிலைகள் இருந்தன. எடுத்துத் தட்டில் போட்டாள். நர்ஸும் அவளும் சேர்ந்து அவனைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைத் துடைத்தார்கள். கட்டுப் போட்ட வலத்தொடையைத் தொடாமல் சுற்றிலும் துடைத்தாள்.

கடைசியாகக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து இடப்பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குதிகால் பார்த்தாள். பக்கவாட்டுப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்குகளைத் துடைத்தாள். அந்த இடத்தில் ஈரம் நிற்கக் கூடாது. காய்ந்த துணி ஒன்றை வாங்கி, ஈரம் போகும்வரை மறுபடி துடைத்தாள். பிறகு காலுறையை மாட்டிவிட்டு, போர்வையை இழுத்து மூடினாள்.