துரைக்கு வெள்ளிக்கிழமை ஆகாது

நல்லம்பள்ளிப் பக்கம் உள்ள எங்கள் கல்லூரியில், என்னிடம் ஆய்வு செய்த மெர்சியின் உதவித்தொகை முடிய ஒரு மாதமே இருந்தது. ஆய்வேட்டுக்கு வேண்டிய கடைசி வரைபடம் மட்டும் வரவில்லை.

வைரத்தில் ஒரு கார்பனின் இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, பக்கத்து இடம் காலியாகக் கிடந்தால், அந்தக் குறை பச்சை லேசர் பட்டுச் சிவப்பாக ஒளிரும். மைக்ரோவேவ் அங்குள்ள எலக்ட்ரானின் ஸ்பின் என்னும் தற்சுழற்சியைப் புரட்டும்போது ஒளி சற்று மங்கும். திரையில் ஓடும் ஒளிக்கோட்டில் இரண்டு பள்ளங்கள் விழும். காந்தப்புலம் மாறினால் பள்ளங்களும் நகரும். மெர்சி பல மாதம் தேடிப் பிடித்த ஒற்றைக் குறைக்குத் துரை என்று பெயர். காலையில் வந்ததும் துரை நலமா என்று கேட்பது எனக்கும் வழக்கமாகிவிட்டது.

ஓர் அளவீடு முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை புலம் அசையக் கூடாது. துரையின் பள்ளங்களோ வெள்ளிக்கிழமைதோறும் நகர்ந்தன.

"நானே ஞாயித்துக்கெழமதான் கோயிலுக்குப் போறேன் மேடம். தொர வெள்ளிக்கெழம போறாரு போல" என்றாள் மெர்சி. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பவர் சப்ளையை மாற்றினோம், கேபிள்களை மாற்றினோம், புலம் தரும் காந்தத்தின் தாங்கியை இறுக்கினோம். அடுத்த வெள்ளியன்று நான் சற்று முன்னதாகவே வந்தேன். ஆய்வக உதவியாளர் முனுசாமி, கருவியின் கறுப்புப் பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் பூசிய குதிரை லாடம் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க முனுசாமி இது?"

"தோசமுள்ள வைரத்த யாராச்சும் வூட்ல வெப்பாங்களா மேடம்? நீங்க ரெண்டு பேரும் தோசத்தையே தேடிப் புடிச்சு, அதுக்குப் பேரு வேற வெச்சிருக்கீங்க. அதான் இரும்பு வெச்சேன். வெள்ளிக்கெழமயானா கழுவிப் பொட்டு வெச்சி மாட்டிருவேன். பாப்பா நல்லபடியா பட்டம் வாங்கணுமில்லீங்க."

காந்தத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் இரும்பு; கழுவி மாட்டும்போதெல்லாம் சற்றே வேறு இடத்தில். வாசலில் நின்று மெர்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அந்த இரும்புதான் புலத்தை அசைக்கிறது என்று நான் சொன்னதும் முனுசாமி முகம் வாடி, லாடத்தைக் கழற்றப் போனார்.

"எடுத்துர்றேன் பாப்பா. அப்புறம் ஏதாச்சும் ஆச்சுன்னா என்னயச் சொல்லக் கூடாது."

"எடுக்க வேணாங்கண்ணா, அங்கயே இருக்கட்டும். நான் முடிக்கிற வரைக்கும் குளிப்பாட்ட மட்டும் வேணாம்."

லாடத்தை அசையாமல் கட்டி, காந்தத்தை அதற்கேற்பச் சரிசெய்தாள். அதன்பின் வந்த வெள்ளிகளில் முனுசாமி கதவருகே நின்று கும்பிட்டதோடு சரி. உதவித்தொகை முடியும் வாரத்தில் வரைபடம் வந்தது.

இத்துறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருவி அடம்பிடித்தால், கேபிளைக் கழற்றுவதற்கு முன், அந்த அறையில் உங்கள்மேல் அக்கறை உள்ளவர் யார் என்று விசாரித்துவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர், இத்தனை நாள் புலத்தை எப்படி அசையாமல் வைத்திருந்தாய் என்று கேட்டார். மெர்சி, தேநீர்த் தட்டுடன் நின்ற முனுசாமியைப் பார்த்தாள்.

"அண்ணன் பூசைய நிறுத்தி வெச்சாருங்க சார்."