நியூ ஜி.பி.டி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் ஏசியும் பேட்டரியும் பார்த்துக்கொடுக்கிற ஆபீஸ்களில் ஒன்றில்தான் பிரின்சி வேலை செய்கிறாள். சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் கம்ப்யூட்டரில் இருப்பதை நகலெடுத்துப் பத்திரமாக வைப்பது அவர்கள் தொழில். அங்கே தீயே பிடித்தாலும் இங்கே நகல் இருக்கும். அதற்கென்று பேக்கப் சர்வர் என்று ஒரு பெட்டி. அது எந்நேரமும் குளிரில் இருக்க வேண்டும். அதனால் என் பிழைப்பும் ஓடுகிறது.

பிரின்சிக்கு இருபத்தாறு வயது. அப்பா தானியேல் ஒரு டயர் குடோனில் லோடுமேன். கடம்பத்தூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறாள். ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரைக்கும் உள்ள ரோட்டைத் தவிர எங்கள் ஊரில் எதையும் பார்த்ததில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் எதைக் கழற்றினாலும் பக்கத்தில் வந்து நிற்பாள். "இது ஏண்ணா சூடாவுது? இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?" எனக்கு எரிச்சலாக வரும். "போய் உன் வேலையப் பாரும்மா" என்பேன். போவாள். அடுத்த கேள்வியோடு வருவாள்.

போன மாதம் பழைய பெட்டியிலிருந்த நகல்களை எல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றினாள். ஒரு வார வேலை. பழையது வாடகைப் பெட்டி. வாடகைக்கு விட்டவர்களின் ஆள் பார்த்திபன் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டான். உள்ளே இருப்பதைச் சுத்தமாக அழித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாற்பது நகலும் வந்து சேர்ந்தது என்று பிரின்சி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நான் ஸ்டூல் மேல் நின்று ஏசி வலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே அவள் திரையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"இதுல நூத்தி நாப்பது பேரு. அதுல முப்பது பேரு. ஒரு பேரு கூட ஒத்துப்போவலியே."

"இன்னாம்மா ஒளறிக்கினுகீற?"

"ஒரே கம்பெனிண்ணா. ஜி.பி.டி.ன்னு ஒண்ணு, ரெண்டு வருஷமா அசையல. நியூ ஜி.பி.டி.ன்னு ஒண்ணு, டெய்லி வருது. பழசு வேணாம்னு வுட்டுட்டேன். ஆனா ஆளுங்க எப்டி மொத்தமா மாறுவாங்க?"

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். சொன்னாள். ஸ்டூலை விட்டு இறங்கினேன்.

"நியூவாவது கியூவாவது. அது புது கும்மிடிப்பூண்டிம்மா, ஊரு பேரு! அங்க அவங்க பேக்கிங் ஷெட்டு கீது. ஜி.பி.டி.ன்னா கும்மிடிப்பூண்டி, இங்க இருந்த இரும்பு உருக்குற பவுண்டரி. அது மூடித்தான் ரெண்டு வருஷமாச்சு."

அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவன் ஊர்ப் பெயரை இங்கிலீஷாக்கி வைத்திருக்கிறான். புதுப்பேட்டைக்குப் போய் நியூபேட்டை எங்கே என்று கேட்டால் எவன் வழி சொல்வான்?

பிரின்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம் இருந்தது. பவுண்டரியின் கம்ப்யூட்டர்களை எப்போதோ காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே பதினோரு வருஷம் உழைத்த ஆதிகேசவன் லேபர் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள். வருகைப் பதிவேட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லும் உத்தரவு அவள் மேஜையிலேயே இருந்தது. திங்கட்கிழமை அவர் வருவார். நியூ ஜி.பி.டி.யில் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

அதற்குள் பார்த்திபன் அழிப்பதற்கான பென்டிரைவைப் பழைய பெட்டியில் செருகிவிட்டான். அவள் ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள்.

"இன்னா மேடம் பேஜாரு பண்றீங்க? கையெழுத்து போட்டாச்சு. கீழ வண்டி நிக்குது."

"பேப்பர்ல எத்தினி போட்டுகீது?"

"நாப்பது."

"பெட்டில எத்தினி கீதுன்னு நீயே எண்ணு."

திரையில் விரல் வைத்து எண்ணினான். நின்றான். முதலிலிருந்து மறுபடி எண்ணினான்.

"நாப்பத்தொண்ணு வருது. ஒண்ணு யார்துது?"

"நூத்தி நாப்பது பேர்துது. மூணு மணி நேரம் குடு."

தலையைச் சொறிந்தான். "அப்ப பிரியாணி யாரு வாங்கித் தரது?" என்று என்னைப் பார்த்தான்.

"நான் இன்னாத்துக்குடா? நான் ஏசிக்காரன்" என்றேன். நான்தான் வாங்கி வந்தேன். லெக் பீஸ் இல்லை என்று அதற்கும் மூஞ்சியைத் தூக்கினான்.

மூன்று மணி நேரம் என்றது நாலரை மணி நேரம் ஆயிற்று. பிரின்சி சாப்பிடவில்லை. நகல் வந்து சேர்ந்ததும் புதுப் பெட்டியிலிருந்து பதிவேட்டைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"ஏண்ணா, கடைசி நாளு எல்லாருக்கும் அரை நாளுன்னு போட்டுகீது?"

"சாப்பாட்டுக்கு வெளிய வந்தாங்க. திரும்பப் போறப்ப கேட்டு பூட்டிக் கெடந்துச்சு."

பிரின்சி பெயர்களின் மேல் விரலை வைத்து மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தாள். ஆதிகேசவன் இருந்தார். அரை நாள். பார்த்திபனிடம் கை நீட்டிப் பழைய பேப்பரை வாங்கிக் கிழித்தாள். புதிதாக நாற்பத்தொன்று என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.